காட்டுமாட்டின் காதில் ஈக்கள்

ஈ மொய்க்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் நினைத்தேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

எங்கள் மலைப் பூங்காவில் நிஜ விலங்கு தென்பட்டுப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. நடக்க வருகிறவர்களுக்கு ஒளியால் ஆன விலங்குகளைக் காட்டினோம். கடைசி வளைவில் நிற்கும் காட்டுமாட்டின் உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருவது வழிகாட்டிகளின் வழக்கம். அதற்குக் கைதட்டல் கிடைக்கும்.

அன்று கோடை சீசனின் கடைசி ஞாயிறு. மாடு வழக்கமான இடத்திலிருந்து நான்கடி தள்ளி நின்றது. அதன் காதில் ஈக்கள் மொய்த்தன. படத்தில் ஈக்களையும் சேர்த்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன்.

"ஏங்க, முட்டிடப் போகுது!" என்று ஒரு பெண் கேலி செய்தாள்.

என்னுடன் வந்த இன்னொரு வழிகாட்டி மச்சக்காளை அண்ணன் சிரித்தார். "பத்து வருசமா இது வயித்துக்குள்ளதாம்மா குடியிருக்கேன்!"

கைகளை வீசிக்கொண்டு நேராக நடந்தார். மாடு தலையைத் தாழ்த்தியது. அவர் விழுந்த பிறகும் சிலர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அண்ணன் இறந்தார். மாட்டை மறுபடி யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவி ராக்காயி கேட்டபோது, "கத்துனேன் மதினி, அவருக்குக் கேக்கல" என்றேன். அவர் நம்பினார். நான் இன்னும் அங்கேதான் வழிகாட்டியாக இருக்கிறேன். அடுத்த சீசனில் ஒளிமாட்டுக்கு ஈக்களையும் சேர்த்தார்கள்.