வரிக்கு வரி அப்பா

திறந்தவெளிச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த சுடலைமுத்து, தூளியருகே உட்கார்ந்து மனைவியின் தாலாட்டைக் கவனித்துக் கேட்டான்.

"ஏன் சொர்ணம், உங்க அண்ணன் நம்ம பிள்ளையைப் பார்க்க ஒரு தடவைகூட வந்ததில்ல. பாட்டுல மட்டும் யானை மேல தங்கத் தொட்டில் கொண்டு வாராரு. அந்த யானையை நம்ம பிளாக்குல எங்க கட்டிப் போடுவ?"

சொர்ணம் சிரித்தபடியே தூளியை ஆட்டினாள்.

"சித்தி வாரா, அத்தை வாரா. சுரங்கத்து வெயில்ல காயுற அப்பனுக்கு ஒரு வரி கிடையாதா?"

"தாலாட்டுல அப்பா வரமாட்டாங்க. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் பாடுவாங்க."

"பின் வரிசைக்குப் புதுசா ஒரு பொண்ணு குடி வந்திருக்கே, அது பாடுறதைக் கேட்டியா? வரிக்கு வரி அப்பாதான். அப்பா வருவாரு, பொம்மை தருவாருன்னு. குடுத்து வச்ச மனுஷன்!"

சொர்ணத்தின் கை நின்றது.

"வீட்டுக்கு வராதவங்களைத்தாங்க பாட்டுல கூப்பிடுவாங்க. அந்தப் பொண்ணோட புருஷன் போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டாராம். அதனாலதான் அவரு வேலையை இங்க அதுக்குக் குடுத்திருக்காங்க."

தூளி அசையாததால் குழந்தை சிணுங்கியது. சுடலைமுத்து எழுந்து தூளியைத் தானே பிடித்து ஆட்டத் தொடங்கினான்.

"நீ பாடு சொர்ணம்" என்றான். "உங்க அண்ணன் யானையிலயே வரட்டும்."