மூட்டுவலிக்கு ஒரு விளக்கு

வெளிச்சம் பட்டால் மூட்டுவலி போகுமாமே, அந்தச் சிவப்பு விளக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே திலகாவின் புருஷன் வேதகிரி இருபது நாள் எடுத்துக்கொண்டான். உத்திரமேரூரில் வேலை முடிந்து வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். காலில் கட்டுவதா, சுவரில் மாட்டுவதா என்று அவன் இழுத்த இழுப்பில், நடவு நட்டு வந்த வலியே தேவலாம் என்றாகிவிட்டது அவளுக்கு.

"எத்தயாவது வாங்கித் தொலைய்யா. பேஜாரா கீது."

"இரும்மே. இத்த வாங்கனவன் போட்டோ போட்டுகீறான் பாரு. 'பொண்டாட்டிக்கு இப்ப வலியே இல்ல'ன்னு எழுதிகீறான். அஞ்சு ஸ்டாரு."

திலகா எட்டிப் பார்த்தாள். விளக்கு ஒரு பச்சைச் சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்தில் டேப் சுற்றிய சுவிட்சுப் பெட்டி. அதன் மேலே போன மழையில் விட்ட விரிசல். திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. போட்டோவில் இருந்த விளக்கும், அதற்கு மேலே மாலை போட்டு மாட்டியிருந்த படமும்தான் இங்கே இல்லை.

போனை வாங்கிப் பெரிதாக்கினாள். மாலைக்குள் இருந்தவளின் முகம் சிவப்பு வெளிச்சத்தில் தெரியவில்லை. புடவை தெரிந்தது. திலகா குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள்.

"யோவ், இது மட்டும் வேணாம்யா."

"இருவது நாளா வாங்கு வாங்குன்னு உசுர எடுத்தியே," என்று எரிந்து விழுந்த வேதகிரி, போனைப் பிடுங்கி ஒரு தட்டுத் தட்டினான். "ஆர்டர் போட்டாச்சு. நாளான்னிக்கு வந்துடும்."