புள்ளி விழுந்த நைட் விஷன்

"ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைங்க பாய்! அந்த நைட் விஷனத்தான் நான் வாங்க வந்திருக்கேன்."

மூச்சிரைக்க உள்ளே வந்தான் ரெனீஷ். அஜ்மானில் ஏசி டெக்னீஷியன். டூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ரோலா கடைத்தெருவுக்கு ஓடி வந்திருந்தான்.

ஜாபர் சாதிக்கின் கை அப்படியே நின்றது. பழைய கேமராவும் பைனாகுலருமாக அடைத்துக் கிடக்கும் கடை அவருடையது. மேஜைமேல், ஒரு திருகு மட்டும் கழன்ற நிலையில், இருட்டிலும் பார்க்க உதவும், ஒற்றைக் கண்ணில் வைக்கிற நைட் விஷன் கருவி ஒன்று கிடந்தது. ராணுவம் கழித்துப் போட்டது, பல கை மாறி வந்தது.

"போன் பண்ணது நீதானா? விளம்பரத்த ஒழுங்காப் படிக்கலையா தம்பி? உள்ள டியூப்ல கரும்புள்ளி விழுந்திருக்கு, பாகங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கேன்ல? ஆரிப்னு ஒரு கஸ்டமர் முன் லென்ஸ் கேட்டிருக்கான். அதக் கழட்டிட்டு மிச்சத்த குப்பையில போடப் போறேன்."

"அவருக்கு வேற எதையாவது குடுங்க. எனக்கு இதுதான் வேணும்."

"டெசர்ட்ல கேம்பிங்கா?"

"ஆ... ஆமா. நரி பாக்கணும்."

"இத வச்சா? நரிதான் உன்னப் பாத்துச் சிரிக்கும்." ஜாபர் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார். "இதப் பாரு. அதே மாடல், டியூப் பளிச்சுனு இருக்கு. அதே விலைக்கே எடுத்துக்க. போதுமா?"

ரெனீஷ் அதைத் தொடக்கூட இல்லை. அவன் கண் மேஜைமேலேயே இருந்தது. அதன் கழுத்து வார் எப்போதோ அறுந்துபோய், பச்சை வலைநூலால் முடிச்சுப் போட்டிருந்தது.

"இந்த முடிச்சு வேற காலையில இருந்து உயிர வாங்குது." ஜாபர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க!" ரெனீஷ் நூலின் ஒரு நுனியைப் பிடித்துச் சுண்டினான். முடிச்சு தானாக அவிழ்ந்தது. மறுநொடி அதே மாதிரி திரும்பவும் கட்டிவிட்டான்.

"அட! உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"கடியப்பட்டணத்துல வலை கட்டுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது தன்னால வரும் பாய்."

ஜாபர் சிரித்துவிட்டார். "சரி, உன் ஆசையக் கெடுக்கல. கூடு இதே இருக்கட்டும். நல்ல டியூப்ப இதுக்குள்ள மாத்திப் போட்டுத் தரேன். நரியும் தெரியும், ஒட்டகமும் தெரியும். கலாஸ், சரியா?"

ரெனீஷின் முகம் மலர்ந்தது. "கலாஸ் பாய்! எனக்கு இந்தக் கூடு போதும்."

அடுத்த திருகில் ஸ்க்ரூ டிரைவர் பதிந்தது. ரெனீஷ் சும்மா இருக்காமல் கேட்டான். "அந்தப் புள்ளி எப்படிப் பாய் விழுது?"

"எவனோ ஒரு மடையன் பண்ண வேலை. துளி வெளிச்சத்தப் பெருசாக் காட்டுறதுக்குத்தான் இது. ஆன்ல வச்சுக்கிட்டு பெரிய வெளிச்சத்த நேராப் பாத்தா, அது எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க டியூப் கருகிரும். போட்டோ பிடிச்ச மாதிரி. அப்புறம் எத்தனை வருஷமானாலும் அழியாது. உடனே திருப்பியிருந்தா தப்பிச்சிருக்கும். இந்த மடையன் திருப்பாம பாத்துக்கிட்டே நின்னிருக்கான்."

ரெனீஷ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கழட்டாதீங்க. ஒரு தடவ பாத்துக்கிடட்டா?"

கடைக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். ஜாபர் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். சோதித்துப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மூலையில் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்து, அதிலிருக்கும் எழுத்தைப் படித்துக் குதிப்பார்கள். ரெனீஷ் அதைக் கண்ணில் வைத்து, ஒன்றுமில்லாத வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றான்.

பச்சையாகத் தெரிந்த சுவரின் நடுவே ஒரு பெரிய கரும்புள்ளி. அதற்குக் கீழே, அருகருகே, இரண்டு சின்னப் புள்ளிகள்.

"போதும்ப்பா. சுவத்துல என்ன இருக்கு?" ஜாபர் விளக்கைப் போட்டார்.

ரெனீஷ் அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். "டியூப்ப மாத்தாதீங்க பாய். வேணும்னா கூட்ட நீங்க வச்சுக்கிடுங்க. டியூப்ப மட்டும் தாங்க."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான கூடு போதும்ன? இது எங்கேருந்து வந்த மால்னாவது தெரியுமா? சோஹார் துறைமுகத்துல கப்பல் இழுக்கிற டக் போட் ஒண்ண ஏலம் விட்டப்ப, அதுல கிடந்த சாமானோட மொத்தமா..."

"தெரியும் பாய். அந்த போட்ல ராத்திரி கடலப் பாத்து லுக் அவுட் நின்னது எங்க அண்ணனாக்கும். பத்திநாதன்." ரெனீஷின் விரல் பச்சை நூலைத் தடவியது. "விளம்பரப் படத்துல இந்த முடிச்சப் பாத்துத்தான் ஓடி வந்தேன். எங்களுக்குன்னு அவன் தொட்ட பொருள் ஒண்ணாவது இருக்கட்டும்னு. புள்ளி எதுனாலன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்."

ஜாபர் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார்.

"மீன்பிடி லாஞ்சு ஒண்ணு தீப்பிடிச்சிருக்கு. ரெண்டு பேரு டார்ச் அடிச்சுக் கூப்பிட்டிருக்காங்க. இதக் கழுத்துல இருந்து கழட்டி வச்சிட்டுக் குதிச்சான். அவங்க ரெண்டு பேரும் கரைக்கு வந்துட்டாங்க. அண்ணன் உடம்புகூட கிடைக்கல."

சற்றுமுன் இரண்டு தரம் மடையன் என்று சொன்ன வாயை ஜாபர் கையால் பொத்திக்கொண்டார்.

ரெனீஷ் அவருடைய இன்னொரு கையில் நைட் விஷனைத் திணித்தான். அவனே போய் விளக்கை அணைத்தான்.

"நீங்களும் பாருங்க பாய். அண்ணன் கடைசியாப் பாத்தது இதத்தான, இல்லியா?"