முதலில் விட்டது எது?

“பேரு, இதுக்கு முன்னாடி என்ன படிச்சீங்க, எதுக்கு இந்த சாலிட் மெக்கானிக்ஸ்... மூணையும் சொல்லிட்டு உட்காருங்க” என்றாள் நித்யா.

நெய்வேலி நகரியத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேர டிப்ளமோ வகுப்பு அது; எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் பாடம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்த அலுப்பு பாதிப் பேர் முகத்தில் அப்பிக் கிடந்தது.

முதலில் எழுந்தான் சிலம்பரசன். “ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன், மேடம். மைன்ஸ்ல கான்ட்ராக்ட். டிப்ளமோ இருந்தா பர்மனென்ட் ஆக வாய்ப்பிருக்குன்னாங்க. பொண்ணு வூட்டுக்காரங்களும் அதையேதான் கேக்கறாங்க.”

“அப்ப பாடம் பொண்ணு வூட்டுக்குத்தான், உனக்கில்ல!” என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

“பி.எஸ்சி. கணக்கு, மேடம்” என்றாள் ஜெனிஷா. “டிராயிங் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல கோடு போடறேன். அந்தக் கோடு எதைத் தாங்கிட்டு நிக்குதுன்னு தெரியணும்.”

கடைசி பெஞ்சிலிருந்து நரைத்த தலை ஒன்று எழுந்தது.

“சைமன்ராஜ். ஐ.டி.ஐ. ஃபிட்டர். வயசு நாப்பத்தாறு. ஒரு இரும்பு ஸ்டாண்டு விழுந்தா, அதுல முதல்ல விட்டது எதுன்னு கண்டுபிடிக்கத் தெரியணும், மேடம்.”

“பரீட்சைக் கேள்வியை இப்பவே சொல்றாருப்பா அண்ணன்” என்றான் சிலம்பரசன். சைமன்ராஜ் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. பாரம் தாங்காமல் தூண்கள் வளைவதைப் பற்றி நடத்திய அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் நின்றார். பையிலிருந்து, விழுந்து கிடந்த இரும்பு ஸ்டாண்டு ஒன்றின் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரி கம்பெனி, மேடம். ரெண்டு வருஷம் ஆச்சு. தண்ணித் தொட்டி ஸ்டாண்டோட சாஞ்சு, கீழ முந்திரி உடைச்சுகினு இருந்த ரெண்டு பொம்பளைங்க செத்துட்டாங்க. அந்த ஸ்டாண்டுக்கு வெல்டிங் வச்சது என் தம்பி ஆனந்த்ராஜ். வெல்டிங் விட்டதுதான் காரணம்னு கேஸை அவன்மேல போட்டுட்டாங்க.”

நித்யா உயரம் கேட்டாள். காலின் கனம் கேட்டாள். தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். இரண்டாயிரம் லிட்டருக்கென்று செய்த ஸ்டாண்டில் முதலாளி ஐயாயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றியிருந்தார். கணக்குப் போட்டு முடித்ததும் அவள் முகம் தெளிந்தது.

“பாருங்கண்ணா, நாலு காலும் நடுவுல வளைஞ்சிருக்கு. பாரம் தாங்காம முதல்ல போனது காலுதான். அந்த இழுப்புலதான் வெல்டிங் பிஞ்சிருக்கு. தம்பி மேல தப்பே இல்ல.”

“நல்லாப் பாருங்க மேடம். முதல்ல வெல்டிங் விட்டு, அப்புறமா கால் வளைஞ்சிருக்கலாம் இல்லீங்களா?”

“இல்லண்ணா. பிஞ்ச இடத்துல இரும்பையே பேத்துக்கிட்டு வந்திருக்கு. அவ்வளவு உறுதியா வச்சிருக்காரு.”

“கொஞ்சங்கூட அவன் தப்பு இருக்காதா?”

“ஒரு பொட்டுகூட இல்ல.”

சைமன்ராஜின் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. இந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் எப்படித் தவித்திருப்பார் என்று நித்யாவுக்குக் கண் கலங்கியது.

“கணக்கோட நான் எழுதியே தர்றேன். தம்பியை வரச் சொல்லுங்க.”

“கேஸு போட்ட மூணாம் நாளே அவமானம் தாங்காம உசுர விட்டுட்டான், மேடம். மேல்பட்டாம்பாக்கம் கல்லறையில இருக்கான்.”

நித்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெல்டிங்தான் விட்டுச்சுன்னு போலீஸ்ல சொன்னது யாரு? கூட்டிட்டு வாங்க அந்த ஆளை. நான் நாலு வார்த்தை கேக்கணும்!”

சைமன்ராஜ் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார்.

“கேளுங்க, மேடம். தொழில் தெரிஞ்சவன்னு என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க, நான்தான் சொன்னேன். சொன்னது சரியாத்தான் இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் படிக்கவே வந்தேன்.”