கிளிப் வைத்த சவுரி

“இழுத்துப் பாருங்க பாயம்மா. இன்னும் கொஞ்சம் பலமா,” என்றாள் ராஜலட்சுமி, கண்ணாடிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தபடி.

ஷரீஃபுன்னிசா சவுரியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கல்யாணப் பெண்ணின் தலை பின்னால் சாய்ந்ததே தவிர, சவுரி அசையவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினைந்து வருஷமாக ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறாள் ஷரீஃபுன்னிசா. அவள் வைத்துவிட்ட சவுரி இதுவரை எந்த மண்டபத்திலும் கழன்று விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

“பாத்தியா கண்ணு? நூல் போட்டு இறுக்கி வச்சிருக்கேன். நாலு பேரு சேர்ந்து இழுத்தாலும் வராது.”

“அப்ப இது வேணாம். கழட்டிடுங்க.”

பக்கத்தில் நின்ற அம்மா மாதம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளை சாயங்காலம் சூளகிரியில் பெண் அழைப்பு. இவள் இங்கே மூன்றாவது சவுரியையும் வேண்டாம் என்கிறாள்.

“கழண்டு வராததுதானடி நல்ல சவுரி? அத்தனை சனம் பாக்கிற எடத்துல பொத்துன்னு விழுந்தா என் மானம் என்னாவறது?”

“தானா விழாது. இழுத்தா மட்டும் வரணும்.”

“கேக்கிற கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ல மாட்டா பாயம்மா. இப்படித்தான் ஒரு மாசமா உசுரை வாங்கறா.”

கல்யாணத்தன்று பெண்ணின் தலைமுடி பெண்ணுக்குச் சொந்தமில்லை. சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கு அது சொந்தம். நீளமா, அடர்த்தியா, பூ எத்தனை முழம் என்று அவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் முகத்தையே பார்ப்பார்கள். மாதம்மாள் பயந்ததில் தப்பில்லை.

ஷரீஃபுன்னிசா நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். “கருகருன்னு இம்மாம் அடர்த்தியா இருக்குது. இதைப் போயி ஏன் கழுத்தோட வெட்டின கண்ணு?”

“கம்பெனியில மெஷின்ல சிக்கிக்குதாம்,” என்று மாதம்மாள் முந்திக்கொண்டாள்.

சிப்காட் பெண்கள் எத்தனையோ பேர் இந்தக் கடைக்கு வருகிறார்கள். எல்லோரும் சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். அதற்காக யாரும் முடியை வெட்டிக்கொண்டதாக ஷரீஃபுன்னிசா கேள்விப்பட்டதில்லை.

“எப்ப வெட்டின?”

“கல்யாணம் நிச்சயமான அன்னிக்கு.”

“பாருங்க பாயம்மா!” மாதம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “தட்டு மாத்திக்கினு அவங்க பஸ் ஏறல, இவ கத்திரிக்கோலை எடுத்துட்டா. மாப்பிள்ளை மாதவனுக்கு நீள முடின்னா உசுரு. இந்தக் கோலத்துல பாத்தா தாலியே கட்ட மாட்டாரு.”

“கட்ட வேணாம்.”

“வாயைக் கழுவுடி!”

அந்த நேரம் பார்த்து அத்திப்பள்ளிக்காரி ஒருத்தி வந்து கன்னடத்தில் ரப்பர் வளையல் கேட்டாள். ஷரீஃபுன்னிசா கன்னடத்திலேயே விலை சொல்லி அனுப்பிவிட்டு, மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தாள்.

“இது பெங்களூரு சரக்கு. கிளிப் வச்சது. டான்ஸ் ஆடற புள்ளைங்க வாங்கும். கல்யாணப் பொண்ணுக்கு நான் குடுக்கறதில்ல. நிக்கும், ஆனா பிடிமானம் கம்மி.”

குட்டை முடியைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கிளிப்பை மாட்டினாள். கருஞ்சடை முதுகை மறைத்து முக்காலிக்குக் கீழே தொங்கியது. மாதம்மாளுக்கே ஒரு நிமிஷம் கண் நிறைந்துவிட்டது.

ராஜலட்சுமி எழுந்து நடந்தாள். குனிந்தாள். தலையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டிப் பார்த்தாள். சடை நின்றது. பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“பிடிச்சு இழும்மா.”

“நானா?”

“நீதான்.”

மாதம்மாள் தயங்கித் தயங்கி இழுத்தாள். டக்கென்ற சத்தத்தோடு முழுச் சடையும் அவள் கைக்கு வந்தது. மகள் அதற்குள் நாலடி தள்ளி வாசற்படியில் நின்றிருந்தாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

“இதுதான் பாயம்மா. இதே மாதிரி ரெண்டு குடுங்க.”

“ஒரு நாள் கூத்துக்கு ரெண்டு எதுக்குக் கண்ணு?”

“தினமும் போட்டுக்கப் போறேன். ஒண்ணு போனா இன்னொண்ணு வேணுமில்ல?”

“வூட்டுல கூடவா?”

“வூட்டுலதான்.”

மாதம்மாள் கையிலிருந்த சடையைப் பெட்டிக்குள் வைக்கத் தெரியாமல் வைத்தாள். “ராஜி, போதும். வா போலாம். பெரியவங்க பேசி முடிச்ச விஷயம்,” என்றாள். அவள் குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை.

ஷரீஃபுன்னிசாவுக்கு விட மனசில்லை. ஒரு வியாபாரி கேட்கக் கூடாத கேள்விதான்; ஆனாலும் கேட்டுவிட்டாள். “பதினஞ்சு வருஷத்துல கழண்டு வர்ற சவுரிதான் வேணும்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. உனக்கு மட்டும் ஏன் கண்ணு?”

ராஜலட்சுமி பெட்டியை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“செத்துப்போன எங்க அக்கா குழந்தையை வளர்க்கத்தான் அக்கா புருஷனுக்கே என்னையும் கட்டி வைக்கறாங்க பாயம்மா. அக்காவுக்கு முழங்கால் வரைக்கும் சொந்த முடி. மாதவன் அதைக் கையில சுத்திச் செவுத்துல மோதினப்ப, கழண்டு வரல.”