எண்பதுக்கு மேலே

"தினமும் என் கார்லேர்ந்து பிளக்கைப் பிடுங்கி, தன்னோட வேன்ல மாட்டிக்கிறாங்க. இது பகல் கொள்ளை இல்லையா?"

குடியிருப்புச் சங்கச் செயலாளரின் குரல் கார் பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. இருபத்து நாலு வீட்டுக்காரர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, எதிரே நின்ற வேன்காரப் பெண்ணைப் பார்த்தார்கள். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவள்.

செயலாளர் கோபப்பட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் குடியிருப்புக்கு மின்சார வண்டிகளுக்கான சார்ஜர் வந்ததே அவரால்தான். எட்டு மாதம் மின்சார ஆபீசுக்கு நடையாய் நடந்து, மனு மேல் மனுவாய் எழுதி வாங்கி வந்தார். அதற்கு முன்னால் சார்ஜ் போட வேண்டுமென்றால் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆனால் இருப்பது ஒரே ஒரு மெஷின். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் ஆளாய் வந்து தன் காருக்குப் பிளக்கை மாட்டிவிடுவார் செயலாளர். அப்புறம் வாக்கிங், பேப்பர், குளியல். எட்டரைக்கு இறங்கி வந்தால் வண்டி நூறு சதவீதம் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டு வாரமாக எண்பதுதான் காட்டுகிறது.

"ஆறரைக்குக் கீழே வர்றது நீங்கதானே?" என்றார் செயலாளர்.

"ஆமா சார்."

"உடனே மெஷின்ல மாட்டறது உங்க வேன்தானே?"

"ஆமா சார். ஆனா நான் எதையும் கழட்டலை. நான் வர்றப்ப பிளக் ஸ்டாண்டுல தொங்கிட்டு இருக்கும்."

"ஓகோ! பிளக்குக்குக் கால் முளைச்சிடுச்சு போல!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பொருளாளர் ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "அடுத்தவர் வண்டியின் பிளக்கைக் கழட்டிய வீட்டுக்கு ஒரு மாதம் சார்ஜர் கிடையாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. வீட்டு நம்பரை மட்டும் நிரப்பணும்."

வேன்காரப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு மாசமா? சார், என் பொழைப்பே போயிடும்."

"அது கை வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்."

அவள் நிமிர்ந்தாள்.

"சார், உங்க கார் பூட்டியிருந்தா பிளக்கை யாராலயும் உருவ முடியாது. கார் பிடிச்சுக்கிட்டு விடாது. நீங்க வேணும்னா இப்பவே இழுத்துப் பாருங்க. அதைத் திறக்கச் சாவி வேணும்."

இரண்டாம் வீட்டு மெக்கானிக் தலையாட்டினார். "அந்தம்மா சொல்றது சரிதான். சாவி இல்லாம ஒண்ணும் ஆகாது."

செயலாளர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "சாவி எப்பவும் என்கிட்டதான் இருக்கு!"

"அதனாலதான் சார் நீங்கன்னு நினைச்சேன்."

"என்ன நானு?"

"எனக்காக நீங்களே கழட்டி வைக்கிறீங்கன்னு நினைச்சேன். டயாலிசிஸுக்கு அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போறேன். ஏழே முக்காலுக்கு வண்டியை எடுத்தாகணும். நேரம் தவறினா ஆஸ்பத்திரியில மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. உங்க புண்ணியத்துல ரெண்டு வாரமா ஒருநாள்கூட தவறலை. அவங்க அஞ்சு பேரும் உங்களை வாழ்த்தாத நாள் இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. செய்யாத உதவிக்கு வாங்கிய வாழ்த்து, பத்துப் பேர் முன்னால் வாங்கிய திட்டைவிட மோசமாகச் சுட்டது.

மெக்கானிக்தான் மெதுவாகக் கேட்டார். "சார், எல்லாக் காருக்கும் ரெண்டு சாவி கொடுப்பாங்களே. உங்களோட இன்னொரு சாவி?"

செயலாளர் திரும்பினார். பின் வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றிருந்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் கழட்டினேன். எண்பது ஏறினதும் கழட்டி ஸ்டாண்டுல மாட்டிட்டு வந்துடுவேன்."

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! எண்பது வரைக்கும் மளமளன்னு ஏறுது, அதுக்கு மேல ஆமை வேகம், கடைசி இருபதுக்காக இந்தப் பொண்ணு ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நூறு இருந்தாதான் மனசுக்கு நிறைவா இருக்குன்னீங்க. உங்க ஆபீஸ் போய் வர அறுபது கிலோமீட்டர். எண்பதை வச்சு ரெண்டு நாள் ஓட்டலாம்."

பொருளாளர் சங்கடத்தோடு நெளிந்தார். செயலாளர் வீட்டு நம்பரை எழுத அவருக்குக் கை வரவில்லை.

"சரிம்மா, ஏதோ நல்ல எண்ணத்துல செஞ்சிட்டீங்க. இந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

"கிழிக்காதீங்க சார். எங்க வீட்டு நம்பரை எழுதுங்க. ஒரு மாசம் காலைல மெஷின் வேனுக்கே இருக்கட்டும். அதுக்குள்ள இவர் ரெண்டாவது மெஷினுக்கு மனு போட்டு வாங்கிட்டு வந்துடுவார். அதுல இவரை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"இருந்தாலும் ஒரு மாசம்கறது கொஞ்சம் அதிகம்..." என்று இழுத்தார் பொருளாளர்.

"நேத்து இவர் சொல்லச் சொல்ல அந்தத் தாளை எழுதினதே நான்தான் சார்," என்றாள் அவள். "இவர் ஒரு வாரம்னுதான் சொன்னார். நான்தான் ஒரு மாசம்னு எழுதினேன்."