ஒலிப்பதிவில் ஒரு கதவு

அர்ச்சுனன் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களுக்கு முழு வரலாறு எழுதக் கிளம்பியிருந்தார். ஊர் ஊராகப் போய், பழைய தோட்டத்து ஆட்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தார்.

எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார். விடியலில் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போய், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பாத சடையன் என்ன ஆனார்?

புந்தோங்கில் மங்களம் என்ற பழைய தோட்டத்துப் பெண்ணிடம் அதைக் கேட்டபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆள் இல்ல லா. வேற கேளுங்கண்ணே" என்றார். பாகான் டத்தோவிலும் அதே கேள்விக்கு அதே சத்தம். அங்கிருந்த பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. "தட்டட்டும் தம்பி. தொறக்க வேணாம்."

பேச்சை எழுதியெடுக்கும்போது அர்ச்சுனன் அந்தச் சத்தங்களை விட்டுவிட்டார். வரலாற்றுக்கு அவை எதற்கு?

ஞாயிறு மதியம், குனோங் ராபாட்டில் தன் வீட்டில், அந்தக் கேள்வியையே அத்தியாயத்தின் முதல் வரியாக எழுதி, வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். கதவு தட்டப்பட்டது. வாசலுக்குப் போன மனைவி சரளா கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள்.

"உங்களத்தான் பாக்கணுமாம். மேலெல்லாம் ரப்பர் பால் வாடை. பாகான் டத்தோ வரைக்கும் போனாராம், யாருமே உள்ள விடலையாம். பாவமா இருந்துச்சு. உக்கார வெச்சிருக்கேன்."